பதிமூன்றாம் நம்பர் டைனோசர்

நவராத்திரி சமயத்தில் ஸ்ரீரங்கத்தில் எந்த வீதியில் நுழைந்தாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் கொலுப் படிக்குக் கீழே ஒரு 'பார்க்' இருக்கும். ஆற்று மணல், அதில் பத்து நாள் முன்னாலேயே தூவி முளைக்க வைத்த கேழ்வரகு, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஒரு குளம், குளத்தில் பிளாஸ்டிக் வாத்து. இவை எல்லாவற்றையும் சுற்றி 'கிர்ர்ர்' என்று ஒரு பேட்டரி ரயில். ரயில் போகிற வழியில் செட்டியார் மளிகைக் கடை போட்டு உட்கார்ந்திருப்பார். செட்டியாரின் தொப்பை இன்ஜினைவிடப் பெரிசு. வாத்து கொஞ்சம் பெரிசாக வாயைத் திறந்தால் கார்டு வேன் உள்ளே போய்விடும். யாராவது ஆட்சேபித்திருக்கிறார்களா? கிடையாது. சுண்டல் வாங்கிக்கொண்டு, 'ரொம்ப நன்னா இருக்கு' என்று சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறோம்.

ஆட்சேபித்தவர் ஒருவரை நான் பார்த்திருக்கிறேன். பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ரிடையரானவர். உத்தர வீதியில் ஒரு வீட்டுக் கொலு. அந்த வீட்டுப் பையன் எட்டாவது படிக்கிறான், கொஞ்சம் விஷமம். முதல் படியில் 'பூலோகம்', நடுப்படியில் 'கைலாசம் ரோடு', மேல்படியில் 'வைகுண்டம் ஜங்ஷன்' என்று மஞ்சள் அட்டையில் ஸ்டேஷன் போர்டு எழுதி வைத்திருந்தான். வைகுண்டத்துக்கு ரிட்டர்ன் டிக்கெட் கிடையாது என்று கீழே பொடி எழுத்தில் வேறு. பெரியவர் எல்லாவற்றையும் ரசித்தார். குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏம்ப்பா, இந்தக் கைகாட்டி யாரு வெச்சது?"

"நான்தான் தாத்தா."

"கை நேரா நிக்குது, வண்டி உள்ளே வருது. ட்ரைவருக்கு சஸ்பென்ஷன்தான்."

"இது பொம்மை தாத்தா!"

"பொம்மைன்னா? நீ வைகுண்டத்துக்குக்கூட வண்டி விடு, எனக்கு ஒண்ணுமில்லே. கைகாட்டி இறங்காம விடாதே."

பையன் முறைத்தான். ஆனால் அடுத்த ரவுண்டில் பேட்டரியை அணைத்து, வண்டியை வெளியே நிறுத்தி, அட்டைக் கையை விரலால் கீழே இறக்கிவிட்டு, அப்புறம்தான் உள்ளே விட்டான். பார்த்துக்கொண்டிருந்த மற்ற வாண்டுகளும் 'நான் இறக்கறேன், நான் இறக்கறேன்' என்று மொய்த்துவிட்டன. அதுவரை வெறுமனே சுற்றிக்கொண்டிருந்த வண்டி அந்த நிமிஷத்திலிருந்து ஓர் ஊருக்கு வந்து ஊரைவிட்டுப் போகிற ரயிலாகிவிட்டது.

பெரியவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர் போகிறபோக்கில் சொன்ன விஷயத்துக்காகத்தான் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மாடல் ரயில் பைத்தியங்கள் பல பத்து வருஷங்களாக மல்லுக்கட்டிக் கொண்டிருக்கிறார்கள். (பைத்தியம் என்பது மரியாதைச் சொல். அவர்களே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.) இதில் இரண்டு கட்சி. ஒன்று விளையாட்டுக் கட்சி: என் ரயில், என் இஷ்டம், மலையும் ஊரும் நான் படைத்தது. இன்னொன்று அச்சு அசல் கட்சி: நிஜத்தில் எந்த ஊரில் எந்த வருஷம் எந்த இன்ஜின் எந்த நிறத்தில் நின்றதோ அதில் மயிரிழை பிசகக்கூடாது.

விளையாட்டுக் கட்சிக்குத் தானைத் தலைவர் ஒருவர் உண்டு. ஜான் ஆலன். அமெரிக்கா, கலிபோர்னியா, மான்டெரே என்கிற ஊர். தொழில் போட்டோ எடுப்பது. வீட்டின் அடித்தளத்தில் 1950களில் ஆரம்பித்து, தரையிலிருந்து கூரை வரை மலை எழுப்பி ஒரு ரயில்வே கட்டினார். பெயர் 'கோர் அண்ட் டாஃபெடிட்'. ஏதோ இரண்டு ஊர்ப்பெயர் மாதிரி கௌரவமாக இருக்கிறதா? வாய்விட்டு வேகமாகச் சொன்னால் இங்கிலீஷில் 'ரத்தக்களறியாகித் தோற்றது' என்று காதில் விழும். இன்னோர் ஊரின் பெயர் கோல்ட் ஷோல்டர். நம்மூர் வழக்கில் சொன்னால் 'முகங்கொடுத்துப் பேசாதபுரம்'.

இதைவிட மேலே ஒன்று இருக்கிறது. ஷன்டிங் செய்ய, அதாவது யார்டில் பெட்டிகளை இழுத்துக் கோக்க, எல்லோரும் ஒரு சின்ன இன்ஜின் வைத்திருப்பார்கள். ஆலன் ஒரு டைனோசர் வைத்திருந்தார். முதுகில் தகடு தகடாக இருக்குமே, அந்த ஸ்டெகோசாரஸ் ஜாதி. பெயர் எம்மா. நம்பர் 13.

இதைக் கேட்டதும் ஆசாமி சும்மா கிச்சுகிச்சு மூட்டுகிறார் என்றுதான் தோன்றும். ஆனால் படங்களைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். அவர் பெட்டிகள் புத்தம் புதுசாகப் பளபளக்காது. மழையில் நனைந்து, வெயிலில் வெளுத்து, கரியும் துருவும் ஏறினாற்போல ஒவ்வொன்றையும் பூசி அழுக்காக்கியிருப்பார். இன்றைக்கு உலகம் முழுக்க எல்லா மாடல்காரர்களும் செய்கிற இந்த அழுக்காக்கும் கலையைப் பரப்பியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. கண்ணாடியை ஒளித்து வைத்துத் தெருவை இரண்டு மடங்கு நீளமாகக் காட்டினார். தூரத்து மலைக்கு மேலே போகப் போகப் பொருட்களைச் சின்னதாக்கி, நாலு அடி ஆழத்தில் நாலு மைல் தூரத்தைக் கொண்டு வந்தார். நண்பர்கள் வந்தால் வெறுமனே வண்டி சுற்றிவிட்டு டீ குடித்துப் போக முடியாது. எந்தப் பெட்டி எந்த ஊருக்குப் போகவேண்டும் என்று கணக்கு உண்டு, ஆளுக்கு ஒரு டியூட்டி உண்டு. எம்மாவுக்கும் டியூட்டி உண்டு. அவள் நம்பர் போட்ட ரயில்வே ஊழியர். அதனால்தான் அந்த டைனோசர் சிரிப்பு மூட்டியபடியே நம்பவும் வைக்கிறது. சுற்றிலும் இருப்பது அத்தனையும் ஒழுங்காக இருக்கும்போது ஒரு கோணங்கித்தனம் செல்லுபடியாகும். எல்லாமே கோணங்கி என்றால் யார் சிரிப்பார்கள்?

1973 ஜனவரியில் ஆலன் இறந்து போனார். அடுத்த சில நாட்களிலேயே வீட்டில் தீப்பிடித்து அந்த ரயில்வேயின் பெரும்பகுதி எரிந்துவிட்டது. ஏறக்குறைய இருபது வருஷ உழைப்பு. மிச்சம் இருப்பவை அவர் எடுத்த போட்டோக்கள்.

அவருக்கு முன்னாலேயே நியூ ஆர்லியன்ஸில் ஃபிராங்க் எல்லிசன் என்பவர், மாடல் ரயில் என்பது ஒரு நாடக மேடை என்று 1944-ல் எழுதி வைத்தார். வண்டிகள் நடிகர்கள், டைம்டேபிள்தான் வசனப் புத்தகம். செட்டில் பனைமரம் அட்டையாக இருக்கலாம், ஹீரோ சரியான நேரத்துக்கு உள்ளே வரவேண்டும். நம் பொன்மலைப் பெரியவர் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

பாதிரியார் ஆட்ரியையும் இங்கே சேர்க்க வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் அவர் பிள்ளையை உங்களுக்குத் தெரியும். முகம் வைத்த நீல இன்ஜின் 'தாமஸ்', டி.வி.யில் உங்கள் வீட்டுக் குழந்தை சோறு சாப்பிடும் வரை ஓடுகிறதே, அதேதான். 1945-ல் முதல் புத்தகம். இன்ஜின் பேசும், அழும், கோபித்துக்கொள்ளும். ஆனால் கதையில் நடக்கிற விபத்தோ வம்போ நிஜ ரயிலில் எங்காவது நடந்ததாக இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. படம் போடுகிறவர் இன்ஜினைத் தப்பாக வரைந்துவிட்டால் பாதிரியாருக்கு வரும் கோபம் பொல்லாதது. அவரே தாமஸின் கிளைப் பாதையை மாடலாகக் கட்டி, எக்ஸிபிஷன்களுக்குத் தூக்கிக்கொண்டு போனார். முகம் வைப்பாராம், ஆனால் சக்கரம் தப்பக்கூடாதாம்!

இனி அச்சு அசல் கட்சி. இங்கே கொஞ்சம் கணக்கு வரும். நான் பி.காம்., எதையும் டெபிட் கிரெடிட்டாகப் பார்க்கிற வியாதி உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

உலகத்தில் அதிகம் பேர் கட்டுகிற அளவு ஹெச்.ஓ. அதாவது எண்பத்தேழில் ஒரு பங்கு. ஐந்தரை அடி ஆசாமி இரண்டு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் கம்மியாக நிற்பார். இந்தக் கணக்கில் கொலுவில் நிற்கிற ஆறு சென்டிமீட்டர் வாத்து, நிஜத்தில் பதினேழு அடி. (அது கார்டு வேனைத்தான் விழுங்குமா, டிரெய்னையே விழுங்குமா?) தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீட்டர். அமெரிக்காவுக்கு இது சரியாக ஒத்துப்போகிறது. இங்கிலாந்தில்தான் தகராறு. அவர்கள் இன்ஜின் உடம்பு சிறிசு, அந்தக் காலத்து மோட்டார் உள்ளே போகவில்லை. என்ன செய்தார்கள்? உடம்பை மட்டும் கொஞ்சம் பெரிதாக்கிவிட்டு, தண்டவாளத்தை அதே பதினாறரையில் விட்டுவிட்டார்கள். விளைவு, 4 அடி 8½ அங்குலம் இருக்கவேண்டிய பாதை 4 அடி 1½ அங்குலமாகிவிட்டது. ஏழு அங்குலம் துண்டு! ஆபீஸில் நாமாக இருந்தால் சஸ்பென்ஸ் அக்கவுன்ட்டில் தள்ளிவிட்டு வீட்டுக்குப் போயிருப்போம். அவர்களில் ரோஷக்காரர்கள் அந்த ஏழு அங்குலத்துக்காகத் தண்டவாளம், சக்கரம் எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, 18.83 மில்லிமீட்டரில் கையாலேயே செய்துகொண்டார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் மானப் பிரச்னை.

சிரிக்கலாம். நானும் சிரித்தேன், ராய் இங்கிலாந்தின் கதையைப் படிக்கிற வரைக்கும்.

பெயர்தான் இங்கிலாந்து, ஆள் ஆஸ்திரேலியர். 1925-ல் வாலிபராக இங்கிலாந்துக்கு வந்தார். பெர்க்‌ஷயர் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. ஓலைக்கூரை மாதிரி வைக்கோல் வேய்ந்த பழைய வீடுகள், சின்ன ரயில், தோட்டம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கூரைகள் பிரிந்து தகரமும் ஓடும் ஏறின, பழைய வீடுகள் இடிந்தன. தடுக்க அவரிடம் காசோ அதிகாரமோ கிடையாது. அளவெடுத்தார். வீடு வீடாகப் போய் சுவர், ஜன்னல், கதவு என்று அளந்து குறித்து, அட்டையில் செங்கல் செங்கலாகக் கீறி, ஒவ்வொரு செங்கல்லுக்கும் வர்ணம் தீட்டி, உள்ளங்கையில் அடங்குகிற வீடுகளாகக் கட்டினார். ஒரு வீட்டுக்கு மாதக்கணக்கு, சிலதுக்கு வருஷக்கணக்கு. 1954-ல் லாங் விட்டன்ஹாம் என்ற கிராமத்தில் பென்டன் மியூசியம் ஆரம்பித்தார். 1995-ல் இறந்தார். வேலை இன்னும் நடக்கிறது. அங்கே போய் நின்றால் 1930 வாக்கில் அந்தப் பள்ளத்தாக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கும். நிஜத்தில் காணாமல் போன வீட்டுக்கு மாடல்தான் இப்போது அசல்.

இதே பென்டனில்தான் ஒரு வேடிக்கை. ஜான் ஆஹெர்ன் என்ற ஆங்கிலேயர் 1930களின் கடைசியில் 'மேடர் வேலி' என்று ஒரு ரயில்வே கட்டினார். முழுக்க முழுக்கக் கற்பனை, அப்படி ஒரு பள்ளத்தாக்கே கிடையாது. அங்கும் இங்கும் பார்த்த கட்டடம், பிடித்த இன்ஜின் எல்லாவற்றையும் ஒரே ஊரில் குடிவைத்தார். அவர் போன பிறகு அதை யார் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்? அச்சு அசல் கட்சியின் தலைமை அலுவலகமான பென்டன்தான்! அரசியலில்கூட இவ்வளவு சுமுகமான கூட்டணி நான் பார்த்ததில்லை.

கட்சி மாறியவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஆலன் மெக்லெலண்ட் என்பவரின் 'வர்ஜீனியன் அண்ட் ஒஹையோ' ரொம்பப் பிரசித்தம். இல்லாத ரயில்வேதான், ஆனால் இருந்திருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றவைத்தார். வண்டி எங்கிருந்தோ வருகிறது, எங்கோ போகிறது, நீங்கள் பார்ப்பது நடுவில் ஒரு துண்டு. அவரைப் பார்த்து டோனி கோஸ்டர் என்ற பத்திரிகை ஆசிரியரும் 1970களில் 'அலெகனி மிட்லாண்ட்' என்று கற்பனை ரயில்வே ஒன்றைக் கட்டினார். ஊரே பாராட்டியது. 2000 வாக்கில் அத்தனையையும் அவரே பிரித்துப் போட்டுவிட்டு, 'நிக்கல் பிளேட் ரோடு' என்ற நிஜக் கம்பெனியின் ஒரு பகுதியை 1954-ல் இருந்தபடி கட்ட உட்கார்ந்தார். வயசாக ஆக, இருந்த ஒன்றை இழந்தோம் என்ற நினைப்பு இல்லாத ஒன்றைப் படைக்கும் ஆசையை ஜெயித்துவிடும் போலிருக்கிறது.

நம் தேசத்தில்? புனேயில் பாவு ஜோஷி என்பவர் 1998-ல் திறந்த குட்டி ரயில் மியூசியம் பிரசித்தம். ஒரு ஹால் நிறைய ஓர் ஊர், அதில் சர்க்கஸ், காரில் உட்கார்ந்து படம் பார்க்கிற தியேட்டர், ஏகப்பட்ட வண்டிகள், விளக்குகள். சந்தோஷமான விளையாட்டுக் கட்சி.

அச்சு அசல் கட்சிக்கு எங்கள் திருச்சியே போதும். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் இங்கே வந்த பொன்மலை ஒர்க்‌ஷாப் இருக்கிறதே, அவர்கள் எண்பத்தேழில் ஒரு பங்கு சமாச்சாரத்துக்கெல்லாம் போவதில்லை. ஒன்றுக்கு ஒன்று! ஊட்டி மலை ரயிலுக்கு ஸ்விட்சர்லாந்தில் செய்து அனுப்பிய பல்சக்கர இன்ஜின்கள் கிழடு தட்டிவிட்டன, செய்த கம்பெனியிடம் போய் இன்னொன்று கேட்க முடியாது. பொன்மலைக்காரர்கள் அதே மாதிரிப் புது நீராவி இன்ஜின்களைச் செய்தார்கள். 2011 முதல் எண்ணெயில் ஓடுவது, 2021-ல் அசல் மாதிரியே நிலக்கரியில் ஓடுவது. ராக்கெட் விடுகிற காலத்தில் புத்தம் புதிய நீராவி இன்ஜின்! அதுவும் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏறுகிற செங்குத்துப் பாதையில் ஆளை ஏற்றிக்கொண்டு போகவேண்டும். பிசகினால் மாடல்காரர் மாதிரி விரலால் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

ஆனால் அந்த மலைப் பாதை ஒன்றுதான் இன்று தமிழ்நாட்டில் மிச்சமிருக்கிற மீட்டர் கேஜ். நம் பிரச்னை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

1992-ல் ரயில்வே, எல்லாப் பாதையும் அகலப் பாதை என்று முடிவெடுத்தது. நல்ல முடிவுதான், சந்தேகமில்லை. திருச்சியில் இறங்கி மூட்டை முடிச்சோடு வேறு கேஜ் வண்டிக்கு ஓடினவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தொண்ணூறுகள் முடிவதற்குள் விழுப்புரம் கார்டு லைனில் மீட்டர் கேஜ் தண்டவாளம் பெயர்ந்துவிட்டது. கைகாட்டி மரம் போய்க் கலர் விளக்கு வந்தது. ஓடுகிற வண்டியிலிருந்து ட்ரைவர் கையை நீட்டி மாட்டிக்கொள்ளும் டோக்கன் வளையம் போயிற்று. என் வயசுக்காரர்களுக்கு அது அரைகுறை ஞாபகம். என்னைவிடப் பத்து வயது சின்னவனுக்கு அதுகூடக் கிடையாது. 2014-ல் திறந்த திருச்சி ரயில் மியூசியத்தில் சாமான்கள் இருக்கின்றன, பார்க்கலாம், பாராட்டலாம். ஆனால் சாமான் வேறு, ஊர் வேறு. ஸ்டேஷனுக்கு எந்தப் பக்கம் மரம், எந்த மூலையில் தண்ணீர்க் குழாய், எங்கே நின்று முறுக்குக்காரர் கூவினார் என்பதெல்லாம் மியூசியத்தில் நம்பர் போட்டு வைக்கிற வஸ்து அல்ல. அதற்கு ஒரு ராய் இங்கிலாந்து வேண்டும். அளவு நாடாவோடு, பொறுமையோடு, கேட்டால் சொல்லக்கூடிய பெரியவர்கள் இருக்கும்போதே.

முடியுமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெச்.ஓ.வில் நிஜத்து ஒரு கிலோமீட்டர் பதினொன்றரை மீட்டர். ஜங்ஷனிலிருந்து பொன்மலை, டவுன் ஸ்டேஷன், காவேரிப் பாலம், ஸ்ரீரங்கம், கொள்ளிடம் பாலம் என்று முழுசாகக் கட்டினால் கல்யாண மண்டபம் ஒன்று போதாது. காவேரியை அரை கிலோமீட்டர் என்று கஞ்சத்தனமாக வைத்தாலே ஆறு மீட்டர் கிட்ட. நம் ஒண்டுக்குடித்தன ஹாலில் ஆறு மட்டும்தான் ஓடும். ஆகவே அச்சு அசல் கட்சிக்காரரும் இங்கே வெட்டித்தான் ஆகவேண்டும். பதினாறு கண் பாலத்தைப் பத்தாக்கினாலும் பாலமாகத் தெரியும். ஒன்றாக்கினால் சாக்கடைக் கல்வெட்டு. எதை விடுவது என்பதில்தான் ஆளின் ரசனை தெரியும்.

ஒரு நல்ல சேதி. இந்திய அகலப் பாதையை ஹெச்.ஓ.வில் கட்டினால் தண்டவாளம் பத்தொன்பது மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும், கடையில் கிடைப்பது பதினாறரை. மீட்டர் கேஜுக்கோ பதினொன்றரை வேண்டும், ஸ்விட்சர்லாந்து மலை ரயில்களுக்காகச் செய்த பன்னிரண்டு மில்லிமீட்டர் தண்டவாளம் ரெடிமேடாகக் கிடைக்கிறது. அரை மில்லிமீட்டர்தான் பிசகு! இன்ஜின் மட்டும் கிடைக்காது. ஜாம்ஷெட்பூரில் டெல்கோ செய்த ஒய்.பி. இன்ஜினைப் பித்தளைத் தகட்டில் கையாலேயே வெட்டிச் செய்யவேண்டும். பொன்மலையைச் சுற்றி அதற்குக் கை இல்லாமலா போய்விடும்?

அப்புறம், வருஷத்தைத் தீர்மானிக்க வேண்டும். இதில்தான் நண்பர்களுடன் ஒரு சாயங்காலம் முழுக்கச் சண்டை. 1987-க்கு முந்தைய வருஷம் என்றால் ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் முடிந்திருக்காது. பாலத்தில் வண்டி வரும்போது தென்னைக்கு மேலே அந்தக் கோபுரம் தெரியாத ஸ்ரீரங்கத்தைக் கட்ட எனக்கு மனசு வரவில்லை. 1987-க்கு அப்புறம் என்றால் 236 அடிக் கோபுரம் 83 சென்டிமீட்டர் வரும். மலைக்கோட்டை 95. இந்த இரண்டையும் மேஜை மேல் நிறுத்தினால் ரயில் எலிக்குஞ்சு மாதிரி ஆகிவிடும். அங்கேதான் எம்மாவின் முதலாளியைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. கோபுரத்தைப் பின்சுவர் ஓரமாகத் தள்ளி, பாதி உயரத்தில், நாற்பது சென்டிமீட்டரில் கட்டினால் போதும், கண்ணுக்குத் தூரமாகத் தெரியும் என்பது ஜான் ஆலன் வழி. கட்டலாம். ஆனால் நாற்பதோ எண்பதோ, நிலை பதின்மூன்றும் இருக்கவேண்டும். எண்ணிப் பார்க்க ஸ்ரீரங்கத்துக்காரர் ஒருவராவது கட்டாயம் வருவார்.